பாரிசுக்குப் போன துண்டுத் துணி: புதுச்சேரிச் சாயத்தின் கதை

எங்களுக்கு வர்ற கேள்விகளில் அடிக்கடி எட்டிப் பார்க்கிற கேள்வி இது. "இயற்கைச் சாயம்னு லேபிள் போட்ட கைத்தறிப் பட்டும் கம்பளிச் சால்வையும் கடையில விக்கிறாங்களே, இது நிஜமாவே நம்ம ஊர்ப் பழைய வித்தையா? இல்ல, புதுசா வந்த மார்க்கெட்டிங்கா?"

வித்தை பழசுதான். ஆனா அதோட உச்சத்தைப் பட்டிலயோ கம்பளியிலயோ தேடினா கிடைக்காது. அது பருத்தியில இருந்தது. ஐரோப்பா பல வருஷம் திணறி, கடைசில ஆள் வெச்சு எழுதி எடுத்துட்டுப் போன வித்தை அது. அப்படி எழுதி எடுத்த இடங்களில் ஒண்ணு நம்ம புதுச்சேரி. இன்னிக்கு அந்தக் கதைதான்.

முதல்ல மேப்பைத் திறந்துக்கோங்க. புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் தெற்கே போனா அரியாங்குப்பம். அதைத் தாண்டினா நோணாங்குப்பம். உங்களில் பாதிப் பேருக்கு இந்த ஊரை வேற பேர்ல தெரியும்: சுண்ணாம்பாறு போட் ஹவுஸ். பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏறுற இடம். வார இறுதியில பைக் நிறுத்த இடம் கிடைக்காது. செஞ்சிப் பக்கமிருந்து வர்ற சங்கராபரணி ஆறு கடலுக்குப் பக்கத்துல ரெண்டாப் பிரியுது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, இன்னொண்ணு சுண்ணாம்பாறு. அந்த முதல் கிளையோட கரையில, நோணாங்குப்பத்துக்குக் கொஞ்சம் வடக்கே, அரிக்கமேடு இருக்கு.

அரிக்கமேட்டை 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானிய மதுச் சாடிகளோட உடைசல், இத்தாலியில செஞ்ச சிவப்பு மண்பாண்டம், கண்ணாடி மணி, இதெல்லாம் பாடப் புத்தகத்துலயே வந்துடும். அதே குழியில இன்னொண்ணும் கிடைச்சது: செங்கல் கட்டின தொட்டிகள், தண்ணி வந்து போக வாய்க்கால்கள். துணிக்குச் சாயம் போடுற வேலைக்கான தொட்டியா இருக்கலாம்னு வீலர் நினைச்சார். உறையூரிலும் இதே மாதிரித் தொட்டி கிடைச்சதால, "சோழர் தலைநகர்ல சாயப்பட்டறை" என்ற பேச்சும் வந்தது.

ஒண்ணு கவனிங்க. இது ஊகம். தொட்டி இருக்கு, அதுல என்ன ஊறினதுன்னு தொட்டி சொல்லல. விமலா பெக்லி 1989-லிருந்து 1992 வரைக்கும் அங்கே மறுபடி அகழாய்வு பண்ணி, வீலர் சொன்ன கால வரிசையிலேயே நிறைய மாத்தினாங்க. அதனால "ரெண்டாயிரம் வருஷச் சாயப்பட்டறை"ன்னு யாராவது ரீல்ஸ் போட்டா, ஒரு கேள்விக்குறி போட்டுட்டுக் கேளுங்க. அதுக்கெல்லாம் முன்னாடியே இந்தத் துணைக்கண்டத்துல பருத்திக்குச் சாயம் ஏத்தத் தெரிஞ்சிருந்ததுக்கு வேற சாட்சி இருக்கு. மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோட ஒட்டிக்கிட்டிருந்த பருத்தித் துணியில, மஞ்சிட்டி வகைச் சிவப்பு கண்டுபிடிச்சிருக்காங்க. அது நாலாயிரம் வருஷத்துக்கு மேல பழசு.

பட்டு ஏன் சுலபம், பருத்தி ஏன் கஷ்டம்?

இப்போ கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, ப்ளஸ் டூ அளவுக்குத்தான்.

பட்டு, கம்பளி ரெண்டும் விலங்கிலிருந்து வர்றது. ரெண்டுமே புரதம். புரதத்துல சாயம் வந்து பிடிச்சுக்கத் தோதான கொக்கிகள் ஏகப்பட்டது இருக்கு. வேரையோ பட்டையையோ கொதிக்க வெச்சு, கொஞ்சம் படிகாரம் சேர்த்து, பட்டு நூலை முக்கினா நிறம் ஏறிடும். ஐரோப்பாக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும். மஞ்சிட்டிக்கு உறவான ஒரு வேரை வெச்சு சிவப்பு, வோடுங்கிற செடியை வெச்சு நீலம்னு பல நூற்றாண்டா கம்பளிக்குச் சாயம் போட்டுட்டு இருந்தாங்க.

பருத்தி அப்படி இல்ல. அது செல்லுலோஸ். அங்கே கொக்கிகள் குறைவு. கொதிக்க வெச்சு முக்கினா நிறம் வர்ற மாதிரி வரும், ரெண்டாவது துவைப்புல ஆத்தோட போயிடும். அதனால பருத்தியில சாயம் நிக்கணும்னா நடுவுல ஒரு ஆள் வேணும், ஒரு கையால நூலையும் இன்னொரு கையால நிறத்தையும் பிடிச்சுக்கிற ஆள். அதுக்குப் பாடப் புத்தகத்துல பேர் நிறமூன்றி. படிகாரம் ஒரு நிறமூன்றி, இரும்பு இன்னொண்ணு. பருத்திக்குப் படிகாரமும் நேரா ஒட்டாது. அதுக்கும் முன்னாடி ஒரு படி வேணும். சோழமண்டலக் கரையில அந்த முதல் படிக்கு எடுத்துக்கிட்டது கடுக்காய்.

சீட்டித் துணின்னு பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. கையால படம் எழுதிச் சாயம் ஏத்தின துணி. அந்த வேலை இப்படிப் போகும். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த தண்ணில ஊற வெச்சுக் காய வைப்பாங்க. கடுக்காயில இருக்கிற துவர்ப்பு நூல்ல இறங்கும். பாலில் இருக்கிற கொழுப்பு, எழுதுற மை பரவாமப் பார்த்துக்கும். துரு ஏறின இரும்பைப் புளிக்க வெச்ச தண்ணிலதான் கறுப்பு மை. அதைத் துணியில தொட்டதும் கடுக்காயோட சேர்ந்து கறுக்கும். சிவப்பு வர வேண்டிய இடத்துல படிகாரக் கரைசல் எழுதுவாங்க. அப்புறம் துணி முழுக்கச் சாயவேர்த் தண்ணில கொதிக்கும்.

இங்கேதான் மேஜிக். கொதிச்சு எடுக்கும்போது துணி முழுக்கச் சிவந்த மாதிரி இருக்கும். ஆட்டுப் புழுக்கை கரைச்ச தண்ணில அலசி, வெயில்ல விரிச்சு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சுக் காய வெச்சா, படிகாரம் தொடாத இடமெல்லாம் வெளுத்துடும். படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவப்பா நிக்கும். அதாவது நீங்க எழுதினது நிறம் இல்ல, நிறம் எங்கே உட்காரணும்ங்கிற கட்டளை. கோட் எழுதுற யாருக்கும் இது புரியும்னு நினைக்கிறேன்.

சாயவேர் இந்தக் கடற்கரை மணல்ல வளர்ற சின்னப் பூண்டு. இம்பூறல்னும் சொல்வாங்க. அதோட வேர்ல அலிசரின் இருக்கு. ஐரோப்பாக்காரங்க கம்பளிக்குப் போட்ட வேர்ல இருக்கிறதும் அதே அலிசரின்தான். சிவப்பு அவங்ககிட்டயும் இருந்தது. அந்தச் சிவப்பைப் பருத்தியில, கேட்ட இடத்துல மட்டும் நிறுத்துற வரிசைதான் இல்ல.

சுண்ணாம்பும் நீலமும்

நீலம் தனிக் கதை. அவுரிச் செடியைத் தொட்டியில ஊற வெச்சு, அந்தத் தண்ணியை அடுத்த தொட்டிக்கு இறக்கி, காத்து கலக்குற மாதிரி அடி அடின்னு அடிச்சா நீலம் அடியில படியும். அதை வடிகட்டிக் கட்டியாக்குவாங்க. ஆனா அந்தக் கட்டி தண்ணில கரையாது. கரையாத ஒண்ணு நூலுக்குள்ள எப்படிப் போகும்?

அதுக்குத்தான் நொதிப்பு. நீலக் கட்டியோட சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தாழியில வைப்பாங்க. நுண்ணுயிர்கள் வேலை செஞ்சு, காத்து இல்லாத அந்தக் கரைசல்ல நீலம் தன் நிறத்தை இழந்து, மஞ்சள் கலந்த பச்சையாக் கரையும். துணியை முக்கி வெளியே எடுத்தா, பார்க்கப் பார்க்கவே பச்சை நீலமா மாறும். காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டு, நூலுக்குள்ளேயே நீலம் திரும்பக் கட்டியாகுது. வெளியே வர முடியாது. அதனாலதான் நீலத்துக்கு நிறமூன்றி தேவையே இல்ல.

இங்கே ஒரு நுணுக்கம். ஐரோப்பியக் கம்பளிச் சாயக்காரங்களோட நீலத் தாழி சூடானது. நம்ம தாழி குளிர்ந்தது. சீட்டித் துணியில நீலம் வேண்டாத இடத்தை மெழுகு பூசி மறைச்சுட்டுத்தான் துணியை முக்குவாங்க. சூடான தாழில மெழுகு உருகிடும், படம் காலி. சுண்ணாம்பு காரத்தைப் பருத்தி தாங்கும். பட்டும் கம்பளியும் புரதம்ங்கிறதால, காரம் கூடினா நூல் கெட்டுடும். இன்னிக்கும் பட்டுக்கு நீலம் போடுறவங்க காரத்தைக் குறைச்சு, நேரத்தைக் குறைச்சு, பார்த்துப் பார்த்துத்தான் முக்குறாங்க. நம்ம கரையோட சாய முறை பருத்திக்காகவே உருவானதுங்கிறது இங்கே தெரியும்.

தடை போட்ட ராஜா, குறிப்பெடுத்த அதிகாரி

பதினேழாம் நூற்றாண்டுல இந்தத் துணி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாப் போச்சு. துவைச்சாலும் போகாத நிறம். அங்கே அதுவரைக்கும் பார்க்காத சங்கதி. உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பதறிப்போய் அரசாங்கத்துக்கிட்ட போனாங்க. பிரான்ஸ் 1686-ல் இந்தியச் சாயத் துணிக்கும், அதைப் போல உள்ளூர்ல அச்சடிக்கிறதுக்கும் தடை போட்டது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் கொண்டுவந்தது. பிரெஞ்சுத் தடை 1759 வரைக்கும் நீடிச்சது. எழுபது வருஷத்துக்கு மேல! தடை போட்டதால ஆசை குறையல, கடத்தல்தான் கூடுச்சு.

இந்தத் தடைக் காலத்துக்கு நடுவுலதான் நம்ம கதையோட முக்கியமான காட்சி. பாரிஸ்ல சார்ல்ஸ் து ஃபே என்று ஒரு விஞ்ஞானி. மின்னூட்டம் ரெண்டு வகைன்னு முதல்ல சொன்னவர் அவர்தான். பிரெஞ்சு அரசுக்காகச் சாயத் தொழிலையும் அவர் ஆராய்ஞ்சுட்டு இருந்தார். அவர் கேட்டுக்கிட்டபடி, பொலியே என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி 1734 வாக்குல புதுச்சேரியில ஒரு வேலை செஞ்சார். சாயம் எழுதுறவங்க பக்கத்துல இருந்து, ஒரு துணி வெள்ளையிலிருந்து முழு ஓவியமா மாறுற வரைக்கும் ஒவ்வொரு படியையும் எழுதினார். எழுதினதோட விடல. ஒவ்வொரு படி முடிஞ்சதும் அந்தத் துணியில ஒரு துண்டு வெட்டி எடுத்து வெச்சுக்கிட்டார். கடுக்காய் ஊறின துண்டு, கறுப்பு எழுதின துண்டு, சிவப்பு ஏறின துண்டு, நீலம் ஏறின துண்டு.

அந்தக் கையெழுத்துப் பிரதியும் துண்டுகளும் இன்னிக்கும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு ஸ்னாப்ஷாட். ரிவர்ஸ் எஞ்சினியரிங்குக்கு இதைவிட நல்ல டாக்குமென்டேஷன் யாரும் எழுத முடியாது.

எட்டு வருஷம் கழிச்சு இன்னொருத்தர். கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு இருக்குன்னு 1767-லேயே பாரிசுக்கு எழுதின அதே ஆள். புதுச்சேரியிலதான் 1779-ல் இறந்தார். அவர் 1742 ஜனவரியில ஒரு நீளமான கடிதம் எழுதினார். எந்தக் காய், எந்த வேர், எவ்வளவு நேரம், எந்த மாதிரித் தண்ணினு எல்லாம் வரிசையா. அவருக்கு இதெல்லாம் சொன்னது, கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்த சாயத் தொழிலாளிகள். கடிதம் பிரான்ஸ்ல அச்சேறிடுச்சு. பின்னாடி பியர் புவாவ்ர் அதைப் படிச்சுட்டுத் தன் குறிப்புகளையும் சேர்த்தார். கிராம்பும் ஜாதிக்காயும் டச்சுக்காரங்க தீவுகளிலிருந்து கடத்தி மொரிஷியசுக்குக் கொண்டுபோன மனுஷன் இவர்தான்.

1759-ல் தடை நீங்கின அடுத்த வருஷம், 1760-ல், ஓபர்காம்ப் பாரிசுக்குப் பக்கத்துல ழூயி என்ற ஊர்ல துணி அச்சடிக்கிற தொழிற்சாலை ஆரம்பிச்சார். அந்தத் துணி பிரெஞ்சுப் பெருமையா இன்னிக்கும் உலகமெல்லாம் விக்குது. ஒரே ஒரு கடிதத்தால இதெல்லாம் நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். மத்திய கிழக்கு வழியாவும், ஆர்மீனிய வணிகர்கள் வழியாவும் அறிவு போயிருக்கு. ஐரோப்பியர்களோட சொந்தச் சோதனைகளும் உண்டு. ஆனா நம்ம பக்கத்துக் கையேடு அந்த மேசையில இருந்தது.

இதுல என்னை உறுத்துறது ஒண்ணுதான். பொலியே பேர் இருக்கு, து ஃபே பேர் இருக்கு, கேர்து பேர் இருக்கு. கடுக்காய், சாயவேர் பேரெல்லாம் இருக்கு. சொல்லிக் கொடுத்த சாயக்காரங்க பேர் ஒண்ணுகூட நம்ம கைக்கு வரல. அதே காலத்துப் புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். துணி வியாபாரம் அதுல அடிக்கடி வரும். அவர் தரகர், துபாஷி. அதனால அவர் குரல் நமக்குக் கிடைச்சது. தாழிக்குள்ள கை விட்டவங்க குரல் கிடைக்கல. நம்ம ஃபீல்டுல சொல்றதுன்னா, கோட் முழுக்க இருக்கு, எழுதினவங்க பேர் இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு.

நீலத் துணி வாங்கின பிசின்

புதுச்சேரியோட நீலத் துணிக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. கினே என்று பிரெஞ்சுக்காரங்க பேர் வெச்ச, அவுரி நீலம் ஏத்தின பருத்தித் துணி இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. பதினெட்டாம் நூற்றாண்டுல அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் அதுவும் ஒண்ணு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல செனகல் ஆத்தங்கரையில அரபுப் பிசினுக்கு மாற்றா இந்தத் துணி ஓடுச்சு. கிட்டத்தட்டப் பணம் மாதிரி. அந்தப் பகுதி மக்கள் துணியோட மினுமினுப்பு, வாசனை எல்லாம் பார்த்து வாங்குவாங்க. ஐரோப்பாவில செஞ்ச நகலைக் காட்டினா வேண்டாம்னுடுவாங்க. 1843-ல் பிரெஞ்சு அரசு இந்தத் துணியோட தரத்துக்குன்னே ஆணை போட வேண்டி வந்தது.

அந்தப் பிசின் எதுக்குப் போச்சு தெரியுமா? முக்கியமா ஐரோப்பியத் துணி அச்சுத் தொழிலுக்கு. சாயக் கரைசலைக் கெட்டியாக்க அது வேணும். அதாவது புதுச்சேரி நீலம் பிசினை வாங்கிக் கொடுத்தது. அந்தப் பிசின் ஐரோப்பிய அச்சுத் துணியை வளர்த்தது. அந்தத் துணி நம்ம சீட்டியைச் சந்தையிலிருந்து தள்ளுச்சு.

மிச்சத்தைக் கெமிஸ்ட்ரி முடிச்சு வெச்சது. 1868-ல் ஜெர்மனியில கிரேபேயும் லீபர்மனும் அலிசரினை ஆய்வகத்துல செஞ்சாங்க. அடுத்த வருஷம் அந்த முறைக்கு பாஸ்ஃப் கம்பெனியும் பெர்கினும் ஒரே ஒரு நாள் வித்தியாசத்துல காப்புரிமை கேட்டாங்க. சாயவேருக்கு அங்கேயே மணி அடிச்சாச்சு. நீலத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு. பல வருஷ ஆராய்ச்சிக்கு அப்புறம், 1897-ல் பாஸ்ஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தென்னாற்காடு மாவட்டத்து அவுரி வயல்கள் சுருங்கிப்போச்சு. உங்க ஜீன்ஸ்ல இருக்கிறது அந்தச் செயற்கை நீலம்தான். மூலக்கூறு அளவுல ரெண்டும் ஒண்ணே.

அப்போ லேபிளை நம்பலாமா?

முதல் கேள்விக்குத் திரும்புவோம். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி இன்னும் பயிராகுது. ஆரோவில்லில் 1990-களிலிருந்து நொதிப்புத் தாழி வெச்சு நீலம் போடுறாங்க. அதே தகரை விதை, அதே சுண்ணாம்பு. வித்தை முழுசாச் சாகல.

ஆனா "இயற்கை"ன்னதும் "தூய்மை"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. சாயம் செடியிலிருந்து வந்தாலும், நிறமூன்றி எது? படிகாரமும் இரும்பும் ஓரளவு சாது. குரோமியம் போட்டிருந்தா கதையே வேற. மஞ்சள் மாதிரிச் சில செடி நிறங்கள் வெயில்ல சீக்கிரம் மங்கும். ஒரு புடவைக்கு வேர், காய், இலைன்னு கிலோ கணக்குல வேணும், தண்ணியும் நிறைய வேணும். அந்தக் காலத்துச் சாயக்காரங்களும் ஆத்துலதான் அலசினாங்க.

அதுக்காகச் செயற்கைச் சாயம் சாதுன்னு அர்த்தம் இல்ல. திருப்பூர்ல நொய்யல் ஆறு என்ன கதியாச்சுன்னு தெரியும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் அங்கே 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. ஆத்தைக் காப்பாத்தப் போட்ட உத்தரவு, ஆயிரக்கணக்கான பேரோட வேலையையும் சேர்த்து நிறுத்துச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்த இடம் அது. எந்தச் சாயமா இருந்தாலும், அலசின தண்ணி எங்கே போகுதுங்கிற கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது.

அதனால அடுத்த தடவை கடையில அந்த லேபிளைப் பார்த்தா மூணு கேள்வி கேளுங்க. எந்தச் செடி? எந்த நிறமூன்றி? யார் சாயம் போட்டாங்க? முதல் ரெண்டுக்குப் பதில் சொல்லக் கடைக்காரருக்குக் கொஞ்சம் நேரம் ஆகலாம், பரவாயில்ல. மூணாவதை மட்டும் விட்டுடாதீங்க. 1734-ல் அந்தக் கேள்வியை யாரும் எழுதி வைக்கல. அதனாலதான் பாரிஸ்ல இருக்கிற துண்டுத் துணிக்கு எல்லா விவரமும் இருக்கு, செஞ்சவங்க பேர் மட்டும் இல்ல. இப்போ உங்க ஊர்ல, உங்க பக்கத்து ஊர்ல தாழி வெச்சிருக்கிறவங்க இருந்தா, அவங்க அனுமதியோட பேரையும் வேலையையும் பதிவு பண்ணுங்க. ஃபோன்ல ஒரு வாய்ஸ் ரெக்கார்டர் போதும்.